உனக்கு என்ன தெரியும், தம்பி?

1992 ஆவணியில் ஹட்டனிலிருந்து வந்த ரயில் கொழும்பு கோட்டை நிலையத்தில் நின்றபோது எனக்குப் பதினாறு வயது. துணிப்பைக்குள் இரண்டு சட்டை, ஒரு சாரம், அம்மா சுட்டுக் கட்டித் தந்த ரொட்டி. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறிப் போயிருந்தது. இரண்டாம் தடவை எழுத வீட்டில் வசதி இல்லை. புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் எனக்காகச் சொல்லி வைத்திருந்தார்கள். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார். சிங்களம் வருமா? பாரம் தூக்குவாயா? களவெடுக்க மாட்டாயே? மூன்றுக்கும் பதில் சொன்னேன். அன்றிரவே மேல்மாடியில் துணிப் பொதிகளுக்கு நடுவே படுக்க இடம் கிடைத்தது.

எனக்கு என்ன தெரியும் என்று அவர் கேட்கவில்லை. எனக்குத் தப்பு என்ற தோற்பறை அடிக்கத் தெரியும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும்போது தப்பு அடிக்கிற ஐந்து பேரில் நானும் ஒருவன். வைக்கோலைக் கொளுத்தி அதன் சூட்டில் தோலைக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, சத்தம் ஏறிவிட்டதா இன்னும் ஒரு பிடி வைக்கோல் வேண்டுமா என்று சொல்வது என் வேலை. பெரியவர்களே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கொழும்புக்கு வந்த முதல் வாரத்திலேயே, எங்களை இழிவாகச் சொல்லும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு தப்பைப் பற்றிப் பல ஆண்டுகள் நான் வாயே திறக்கவில்லை.

'கெஸ்' என்ற ஆங்கிலத் திரைப்படத்தைப் பற்றி எழுத உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் படம் என்னை எந்த இடத்தில் தொட்டது என்று சொல்லாமல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

1995இல் ஒரு சனிக்கிழமை மாலை. கடையின் கணக்கப்பிள்ளை ஐயா, "தம்பி, கொழும்பு ஏழில் ஒரு படம் காட்டுகிறார்கள். டிக்கெட் இல்லை, இலவசம். வருகிறாயா?" என்று கேட்டார். போர் நடந்த அந்த ஆண்டுகளில் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் சட்டைப்பையில் இல்லாமல் எங்களைப் போன்ற பையன்கள் மாலையில் வெளியே கிளம்ப மாட்டோம். வழியில் இரண்டு இடங்களில் பஸ்ஸை நிறுத்தி எங்களை இறக்கிச் சோதித்தார்கள். போய்ச் சேர்ந்தபோது படம் தொடங்கிவிட்டது. இருட்டில் இடம் தேடி உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால், மேட்டில் ஒரு பையன் தனியாக உட்கார்ந்து சித்திரக்கதை படித்துக்கொண்டிருக்கிறான். கீழே நிலக்கரிச் சுரங்கம்.

அதுதான் 'கெஸ்'. 1969இல் கென் லோச் இயக்கியது. பாரி ஹைன்ஸ் 1968இல் எழுதிய நாவலை வைத்து எடுத்தது. ஹைன்ஸ் சுரங்கத் தொழிலாளியின் மகன். உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். வட இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி என்ற சுரங்க ஊரில், அந்த ஊர் மனிதர்களையே பெரும்பாலும் நடிக்கவைத்து எடுத்தார்கள். பில்லி என்ற அந்தப் பையனாக நடித்த டேவிட் பிராட்லியும் உள்ளூர் மாணவன்தான். அவர்களுடைய பேச்சு இங்கிலாந்திலேயே மற்றப் பகுதியினருக்குச் சரியாக விளங்காது. வெளியார் பார்ப்பதற்காகச் சில உரையாடல்களை மறுபடியும் குரல் பதிவு செய்ய வேண்டியிருந்ததாம். எனக்கு அப்போது ஆங்கிலமே தெரியாது. ஆனால் படம் விளங்கியது. அண்ணனும் தம்பியும் ஒரே கட்டிலில் படுக்கிற வீடு, பாடசாலைக்கு முன்பே விடியற்காலையில் பத்திரிகை போடும் வேலை, தன் அளவுக்குப் பொருந்தாத உடை, பெயர் கூப்பிட்டாலே அடி விழப் போகிறது என்று குறுகும் தோள்கள். இவற்றை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பில்லிக்குப் பதினைந்து வயது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பதினைந்து வயதோடு பாடசாலையை விட்டுவிடலாம். 1972இல்தான் அதைப் பதினாறாக்கினார்கள். ஆகவே அவன் வேலைக்குப் போகும் வாசலில் நிற்கிறான். அண்ணன் சுரங்கத்தில் வேலை செய்கிறான். பில்லிக்குச் சுரங்கம் வேண்டாம்; வேறு என்ன வேண்டும் என்றும் அவனால் சொல்ல முடியவில்லை. இடிந்த சுவரில் ஏறிக் கூட்டிலிருந்து ஒரு கெஸ்ட்ரல் குஞ்சை எடுத்து வருகிறான். காற்றில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று கீழே இரை தேடுகிற சிறு வல்லூறு அது. மாரிக் காலத்தில் நம் நாட்டுக்கும் வந்து போகிற பறவைதான். அதைப் பழக்குவது எப்படி என்று அறியப் புத்தகக் கடையில் ஒரு புத்தகத்தைத் திருடுகிறான். திருடிய புத்தகத்தை வரிவரியாகப் படிக்கிறான். வகுப்பில் எதையும் படிக்காதவன் என்று பெயர் எடுத்தவன்.

நாவலின் தலைப்புக்குப் பின்னால் ஒரு பழைய வரிசை இருக்கிறது. 1486இல் இங்கிலாந்தில் அச்சான ஒரு நூலிலும் ஒரு பழைய கையெழுத்துப் பிரதியிலும், யார் யாருக்கு எந்த வேட்டைப் பறவை தகும் என்று எழுதியிருக்கிறார்கள். பேரரசருக்குக் கழுகு என்று உச்சியில் தொடங்குகிறது. நாவலின் தலைப்பு அந்த வரிசையின் கடைசிப் படியைப் பிடித்துக்கொண்டது: எடுபிடிப் பையனுக்குக் கெஸ்ட்ரல். இதை நான் பிற்காலத்தில் படித்தேன். படித்தபோது மேல்மாடித் துணிப் பொதிகள் ஞாபகத்துக்கு வந்தன.

படத்தில் ஒரு வகுப்பறைக் காட்சி வருகிறது. ஃபார்திங் என்ற ஆசிரியர், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள் என்கிறார். பில்லி வாய் திறக்க மறுக்கிறான். அவன் பறவை வளர்க்கிறான் என்று இன்னொருவன் சொல்லிக் கொடுக்கிறான். ஆசிரியர் கேட்கிறார், அவன் தொடங்குகிறான். காலில் கட்டும் தோல்வாருக்கு என்ன பெயர், அதை எப்படி எழுத வேண்டும், நீளக் கயிற்றில் கட்டிப் பறக்கவிடுவது எத்தனை நாள், கயிற்றை அவிழ்த்து முதல் தடவை விட்ட அன்று எப்படி இருந்தது. கைகள் தாமாகவே அசைகின்றன. எப்போதும் சிரிக்கிற வகுப்பு மூச்சுவிடாமல் கேட்கிறது. அண்ணன் கொன்றுவிட்ட பறவை குப்பைத் தொட்டியில் கிடக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அதற்கு வெகு முன்பே, இந்த வகுப்பறையிலேயே, தொண்டை அடைத்துவிட்டது.

கணக்கப்பிள்ளை ஐயா இப்போது இல்லை. அவர் உட்கார்ந்த மாதிரியான ஒரு மேசையில், அதே தெருவில் வேறொரு மொத்தக் கடையில், நான் கணக்குப் பார்க்கிறேன். 2016 முதல் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் கொட்டாஞ்சேனையில் ஒரு சிறு மண்டபத்தில் கடைப் பையன்களுக்கு வகுப்பு நடத்துகிறேன். சிங்களம், கொஞ்சம் ஆங்கிலம், கணக்கு. பதினாறிலிருந்து இருபது வயதுவரை, மலையகத்திலிருந்தும் மட்டக்களப்புப் பக்கத்திலிருந்தும் வந்த பையன்கள். அவர்களுக்கு இந்தப் படத்தை இதுவரை நான்கு முறை காட்டியிருக்கிறேன். முதல் முறை பெருந்தோல்வி. அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இப்படி ஒன்றைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு அது உதவும்.

முதல் முறை காலை பத்து மணிக்கு வைத்தேன். ஞாயிறு காலைதான் அவர்கள் வாரத்துத் துணியைத் துவைக்கிற நேரம் என்பது எனக்குத் தெரியாததல்ல, மறந்துவிட்டேன். பாதிப் பேர் வரவில்லை, வந்தவர்கள் ஈரத் துணி காயுமா என்று வெளியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிதான் சரியான நேரம். சாப்பிட்டு, ஒரு சிறு தூக்கமும் போட்டுவிட்டு வருவார்கள்.

அடுத்தது மொழி. திரையின் அடியில் தமிழ் எழுத்து ஓடுகிற பிரதி எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே பக்கத்தில் நின்று ஒவ்வொரு வசனத்தையும் நானே உரக்கத் தமிழில் சொன்னேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், பையன்கள் திரையைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்க்கிறார்கள். பில்லியின் முகத்தை அவர்களிடமிருந்து நானே மறைத்துவிட்டேன். இப்போது படத்துக்கு முன் ஐந்து நிமிடம் மட்டும் பேசுகிறேன்: எந்த ஊர், யார் யார், சுரங்கம் என்றால் என்ன, குதிரைப் பந்தயத்துக்கு அண்ணன் பணம் கொடுத்துவிட்டுப் போவது ஏன். முடிவைச் சொல்வதில்லை. முக்கியமான பதினைந்து வசனங்களைத் தமிழில் எழுதி ஆளுக்கொரு தாளாகக் கொடுத்துவிடுகிறேன். படத்தை இரண்டே இடங்களில் நிறுத்துகிறேன். அவ்வளவு போதும். 110 நிமிடப் படத்தில் கண்ணும் முதுகும் சொல்வதுதான் அதிகம்.

ஒளியைவிட ஒலியில் கவனம் வையுங்கள். இரவல் வாங்கிய புரொஜெக்டரும் வெள்ளைப் படுக்கை விரிப்பும் போதுமானவை. ஜன்னல்களுக்குக் கடையிலிருந்து கறுப்புத் துணி கொண்டுபோய்க் கட்டுகிறேன். ஆனால் மின்விசிறி இரைச்சலில் படத்தின் அமைதி செத்துவிடும். வெக்கையைப் பொறுத்துக்கொண்டு, பில்லி பறவையோடு தனியாக இருக்கும் இடங்களிலாவது விசிறியை நிறுத்திவிட வேண்டும்.

உதைபந்தாட்டக் காட்சியில் பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தன்னை மன்செஸ்டர் யுனைட்டட்டின் பொபி சார்ள்டன் என்று நினைத்துக்கொண்டு மாணவர்களோடு விளையாடுகிற ஆசிரியர் அவர், சிரிக்கட்டும். அதே ஆசிரியர் சற்று நேரத்தில் பில்லியைக் குளியலறையில் குளிர்ந்த நீருக்கடியில் நிறுத்திவைக்கும்போது அந்தச் சிரிப்பு தானாகவே அடங்கும். நாம் அதட்டத் தேவையில்லை.

பிரம்படிக் காட்சி வேறு. புகைபிடித்து அகப்பட்ட பையன்கள் அதிபரின் அறைக்கு முன் நிற்கிறார்கள். ஆசிரியர் ஒருவரின் செய்தியைச் சொல்ல வந்த ஒரு சின்னப் பையனும் வரிசையில் அகப்பட்டு, அவர்களோடு சேர்ந்து உள்ளங்கையில் அடி வாங்குகிறான். அதிபர் அவன் பேச வாய்ப்பே கொடுப்பதில்லை. அந்த அடி நடிப்பல்ல. பையன்கள் உண்மையாகவே அடிபட்டார்கள். படத்தை இவ்வளவு நேசிக்கிற எனக்கு இந்த ஒரு விடயத்தில் இயக்குநரோடு ஒருபோதும் உடன்பாடு வராது. பிள்ளை அடிபடுவது தவறு என்று காட்ட ஒரு பிள்ளையை அடிக்கத் தேவையில்லை. இதைப் பையன்களிடமும் சொல்கிறேன். இலங்கைப் பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடைசெய்யும் சுற்றறிக்கை 2005இலேயே வந்துவிட்டது என்று சொன்னபோது ஒருவன் தன் வலது கையை விரித்துப் பார்த்தான். வேறொன்றும் சொல்லவில்லை. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தை அன்றைக்குப் பலகையில் எழுதினேன். அது இன்றும் பலகையின் மூலையில் இருக்கிறது.

முதல் காட்சியில் நான் செய்த பெரிய பிழை படம் முடிந்த பிறகு நடந்தது. விளக்கைப் போட்டுவிட்டு, "இந்தப் படத்திலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டேன். பன்னிரண்டு பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவன் எழுந்து, "நன்றாகப் படிக்க வேண்டும், சேர்" என்றான். எனக்கு நெஞ்சு வலித்தது. படத்தில் பில்லியிடம் எல்லாரும் கேட்கிற மாதிரியான கேள்வியையே நானும் கேட்டிருக்கிறேன். அன்று அவர்கள் தேநீர்கூடக் குடிக்காமல் கலைந்து போனார்கள். பறவையைப் புதைக்கிற காட்சியோடு படம் முடிகிறது. அதைப் பார்த்த கையோடு ஒரு பையனைத் தனியாகத் துணிப் பொதிகளுக்கு நடுவே அனுப்பக் கூடாது. இப்போது படம் முடிந்ததும் யாரும் எதுவும் பேசுவதில்லை. முதலில் பிளேன்டீ, மாலு பாண். கால் மணி நேரம் கழித்துத்தான் வட்டமாக உட்காருகிறோம்.

இரண்டாவது முறை அந்த வகுப்பறைக் காட்சி முடிந்ததும் படத்தை நிறுத்தி, ஃபார்திங் கேட்டதையே கேட்டேன். "இந்த மண்டபத்தில் வேறு யாருக்கும் தெரியாத, உனக்கு மட்டும் நன்றாகத் தெரிந்த ஒன்று என்ன, தம்பி?" நீண்ட நேரம் அமைதி. காத்திருந்தேன். காத்திருப்பது மிகவும் கடினம். நிரப்பிவிட வேண்டும் என்று வாய் துடிக்கும். நிரப்பாதீர்கள்.

பொகவந்தலாவைப் பையன் ஒருவன் இருந்தான். பதினேழு வயது. எட்டு மாதமாக வந்துகொண்டிருந்தவன், வரவு சொல்வதைத் தவிர வேறு பேசியதில்லை. அவன் எழுந்து மூலையில் இருந்த மெழுகுவர்த்தியை எடுத்து வந்து பற்றவைத்தான். தன் சட்டையின் கீழ் மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவினான். பக்கத்தில் இருந்தவனின் சட்டையிலிருந்து இன்னொன்று. முதல் நூலைச் சுடரில் காட்டினான். அது சட்டென்று பற்றி எரிந்தது. கடதாசி எரிகிற வாசம். விரலால் தொட்டதும் சாம்பல் மாவாக உதிர்ந்தது. "இது பருத்தி" என்றான். இரண்டாவது நூல் எரிவதற்கு முன்பே சுருண்டு பின்வாங்கி, உருகி, நுனியில் கறுப்பாக ஒரு மணி கட்டியது. ஆறும்வரை ஊதி, அதை என் உள்ளங்கையில் வைத்தான். கல்லுப்போல இருந்தது. "இது பொலியெஸ்டர். பருத்தி என்று சொல்லி விற்பார்கள். இரண்டும் கலந்திருந்தால் சாம்பலும் வரும், அதற்குள் சின்ன மணியும் தட்டுப்படும். எவ்வளவு கலந்திருக்கிறது என்று விரலில் தெரியும்."

பிறகு அவன் நிற்கவில்லை. பட்டு எரிந்தால் தலைமயிர் கருகுகிற நாற்றம் வரும், கம்பளியும் அப்படித்தான், ரெயோன் பருத்தியைப் போலவே எரிந்து ஏமாற்றும், அதை ஈரமாக்கி இழுத்துப் பார்த்தால் பிடிபடும், ஈரத்தில் ரெயோன் வலுவிழக்கும், பருத்தி வலுக்கும். இருபது ஆண்டுகளுக்கு மேல் துணிக் கடையில் இருந்த எனக்கே அந்தக் கடைசிச் செய்தி புதிது. பன்னிரண்டு சட்டைகளிலிருந்து நூல்கள் வந்தன. மண்டபம் முழுவதும் கருகல் வாசம். மீதிப் படத்தை ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் பார்த்தோம்.

அந்தப் படத்தின் வேலைவாய்ப்பு அதிகாரி வரும் காட்சிதான் நான் நிறுத்தும் இரண்டாவது இடம். அதிகாரி கெட்டவர் அல்ல, அலுத்துப்போனவர். அலுவலக வேலையா, கை வேலையா என்று படிவத்தில் உள்ளதைக் கேட்கிறார். பில்லியின் மனமெல்லாம் பறவையைத் தேடிப் போவதில் இருக்கிறது. ஒரு காட்டுப் பறவையை நாள்தோறும் பொறுமையாகக் கையில் இருத்திப் பழக்கிய பையன் முன்னால் நிற்கிறான், அதைக் கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை. இந்த இடத்தில் நான் ஒரு தாளைக் கொடுத்து, அந்த அதிகாரி கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை எழுதச் சொல்கிறேன். பிறகு அதே கேள்விகளுக்குத் தங்கள் பதிலை எழுத வேண்டும். பரீட்சைப் பெறுபேறு அந்தத் தாளில் கடைசியாகத்தான் வரும்.

அந்தத் தாள் வெறும் ஆறுதலுக்கு அல்ல. நம் நாட்டில் தேசிய தொழிற்தகைமை என்ற சான்றிதழ் முறை இருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்து படிக்காமல், வேலையில் கற்ற திறமையை மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டியே சில தொழில்களுக்கு அதைப் பெறலாம். தையல், மின்னிணைப்பு, சமையல் எனப் பல துறைகள் உண்டு. ஆனால் மதிப்பீட்டுக்குப் போகிறவன் தனக்கு என்ன செய்யத் தெரியும் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். எங்கள் பையன்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். நூலை எரித்துக் காட்டியவன் இப்போது தையல் துறையில் அந்த மதிப்பீட்டுக்குத் தயாராகிறான்.

அதே தாளின் பின்பக்கத்தில் சட்டம் இருக்கிறது. வேலைக்கு அமர்த்தக் கூடிய குறைந்த வயதை 2021இல் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தினார்கள். ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் பையனிடமிருந்து, 12 வீதம் முதலாளியிடமிருந்து. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 வீதம், அது முழுவதும் முதலாளியுடையது. "உன் பெயரில் கணக்கு இருக்கிறதா? இலக்கம் தெரியுமா?" என்று கேட்கிறேன். தெரியாதவர்கள்தான் அதிகம். நான் முதலில் வேலை செய்த கடையில் என் பெயரில் மூன்று ஆண்டுகள் எதுவும் கட்டப்படவில்லை என்பது எனக்கு இருபத்தாறு வயதில்தான் தெரிந்தது. அந்த வயதில் யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியவில்லை. கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: சம்பளத் துண்டை வாங்கிக்கொள்ளுங்கள், தேதி போட்டு ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள்.

மூன்றாவது காட்சியன்று எல்லாரும் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லி முடித்தபின், ஏறாவூர்ப் பக்கப் பையன் ஒருவன், "உங்களுக்கு என்ன தெரியும், சேர்?" என்றான். கணக்கு என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. தப்பு என்றேன். மஸ்கெலியாப் பையன் ஒருவன் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரும்போது தாத்தாவின் தப்பை உரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். மண்டபத்தின் பின்புறம் பழைய பத்திரிகைகளைக் கொளுத்தி அதைக் காட்டினோம். தோல் சூடேறும் வாசம் வந்ததும் என் விரல் தானாகப் போய்ச் சுண்டியது. இன்னும் கொஞ்சம் காட்ட வேண்டும் என்று விரல் சொன்னது.

ஒவ்வொரு முறையும் பையன்கள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: பில்லி பிறகு என்ன ஆனான்? படம் சொல்லவில்லை. நாம் நாட்களைக் கணக்குப் பார்க்கலாம் என்றேன் சென்ற முறை. 1968இல் பதினைந்து என்றால், 1984இல் சுரங்கத் தொழிலாளர்கள் ஓராண்டு வேலைநிறுத்தம் செய்தபோது முப்பத்தொன்று. 1990களில் அந்தப் பகுதிச் சுரங்கங்கள் மூடப்பட்டபோது நாற்பதை நெருங்கியிருப்பான்.

"அப்படியென்றால் போனாலும் போகாவிட்டாலும் ஒன்றுதான்" என்றான் ஒருவன்.

"ஒன்றில்லை. அவன் சுரங்கத்துக்குப் போகவே மாட்டான். இன்னொரு குஞ்சு பிடித்திருப்பான்" என்றான் மற்றவன்.

"பிடித்தால் அண்ணன் அதையும் கொன்றிருப்பான்."

"அண்ணன் இல்லாத இடத்தில் வளர்த்திருப்பான்."

"அப்படி எந்த இடம் இருக்கிறது, சொல் பார்ப்போம்?"

காவலாளி சாவியோடு வந்து இரண்டு முறை கதவைத் தட்டினார். பையன்கள் செருப்பை மாட்டிக்கொண்டே பேசினார்கள், படியில் இறங்கும்போதும் பேசினார்கள். ஜம்பட்டா வீதி முனைவரை அவர்களுடைய குரல் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.